பழைய பள்ளிக்கூட உதைபந்தாட்ட அணியின் ஒரு வருடத்தை எழுதி எடுப்பது எப்படி

பெரியப்பா வீட்டு விறாந்தையில் ஒரு படம் தொங்குகிறது. முன்னால் கதிரையில் ஐந்து பேர், பின்னால் நிற்பவர்கள் ஏழு பேர், இரண்டு ஓரத்திலும் அதிபரும் பொறுப்பாசிரியரும். கப்டனின் மடியில் ஒரு லெதர் பந்து, அதில் வெள்ளையில் 1968 என்று எழுதியிருக்கிறது. பின்வரிசையில் இடது கரையில் நிற்கிற மெல்லிய பையன்தான் பெரியப்பா. அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடம் எத்தனை ஆட்டம் ஆடியது, யாரிடம் தோற்றது, யார் எத்தனை கோல் அடித்தார் என்று கேட்டால் பள்ளிக்கூடத்திலும் பதில் இல்லை, பெரியப்பாவிடமும் அரையிறுதி ஆட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் குழம்பித்தான் கிடந்தது. ஒன்றரை வருடம் அலைந்து அந்த ஒரு வருடத்தை ஆட்டம் ஆட்டமாக எழுதி முடித்தேன். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ நீங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்கும் இப்படி ஒரு படம் கட்டாயம் இருக்கும், அதை வைத்து எப்படித் தொடங்குவது, எங்கே போவது, எங்கே ஏமாறுவோம் என்பதையெல்லாம் சொல்கிறேன். 1968 இல் 18 வயதாக இருந்தவருக்கு இப்போது 75 தாண்டிவிட்டது, ஆகவே யோசித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை.

முதலாவது, ஒரே ஒரு வருடத்தை எடுங்கள். பள்ளிக்கூடத்தின் விளையாட்டு வரலாறு முழுவதையும் எழுத வெளிக்கிட்ட இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும், எல்லோரும் நடுவழியில் விட்டுவிட்டார்கள். ஒரு வருடம் என்றால் பத்துப் பன்னிரண்டு ஆட்டம், பதினைந்து பெயர், அது ஒரு ஆளால் செய்யக்கூடிய வேலை. ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, ஒரு ஆட்டத்துக்கு எதிரெதிரான இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடது பக்கத்தில் உறுதியானது மட்டும்: திகதி, எதிரணி, மைதானம், முடிவு, கோல் போட்டவர்கள், பதினொரு பேர். வலது பக்கத்தில் யார் என்ன சொன்னார், எந்தப் பேப்பரில் என்ன இருந்தது என்பது முழுவதும், ஒன்றுக்கொன்று முரணாக இருந்தாலும் அப்படியே. வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு ஒரு தகவல் போகவேண்டுமென்றால் ஒன்றோடு ஒன்று சம்பந்தப்படாத இரண்டு இடத்திலிருந்து அது வந்திருக்கவேண்டும். இந்த ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் நான் பல பிழைகளிலிருந்து தப்பினேன்.

படத்திலிருந்து தொடங்குங்கள். படம் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தால் தயவுசெய்து பிய்க்கவேண்டாம், மேல்தோல் கண்ணாடியோடு வந்துவிடும், மறுகா ஒன்றும் செய்யமுடியாது. சட்டத்தோடு வெளியே நிழலில் வைத்து, பிளாஷ் போடாமல், கண்ணாடியில் உங்கள் முகம் விழாதபடி கொஞ்சம் சாய்த்துப் படம் பிடியுங்கள். சட்டத்திலிருந்து சுகமாகக் கழன்று வருமென்றால் ஸ்கேன் செய்யுங்கள், 600 டீ.பி.ஐ. போதும். பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். ஸ்டூடியோவின் முத்திரை, நெகட்டிவ் இலக்கம், சில நேரம் பென்சிலால் எழுதிய பெயர்கள் அங்கேதான் இருக்கும். கீழே அச்சடித்த வரியில் ‘நிற்பவர்கள், இடமிருந்து வலம்’ என்று இருப்பதை எல்லோரும் வாசிப்பார்கள், அதன் கடைசியில் ‘படத்தில் இல்லாதவர்’ என்று ஒன்று இருந்தால் அதைத்தான் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் படத்தில் அந்த வரி இருந்தது, பெயர் மட்டும் ஈரம் பட்டு அழிந்துபோயிருந்தது.

அடுத்தது பள்ளிக்கூடம். அங்கே போய் ‘பழைய உதைபந்தாட்ட ரெக்கோட் இருக்கா’ என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், ஏனென்றால் அப்படி ஒரு புத்தகம் எந்தக் காலத்திலும் இருந்திருக்காது. கேட்கவேண்டியது வேறு. சம்பவத்திரட்டுப் புத்தகம் கேளுங்கள், அதிபர் தன் கையால் எழுதியது, பிள்ளைகளை வெளியூர் ஆட்டத்துக்கு அனுப்பியது, வெற்றிக்காக ஒரு பாடவேளை முன்பே மணியடித்தது எல்லாம் அதில் இருக்கும். பிள்ளைகளைச் சேர்க்கும்போது பதிகிற சேர்விடாப்பு கேளுங்கள், ஆட்டக்காரரின் முழுப்பெயரும் பிறந்த திகதியும் ஊரும் அதில்தான் கிடைக்கும். பொருட்பதிவேட்டை யாரும் நினைக்கமாட்டார்கள். 1968 இரண்டாம் தவணையில் இரண்டு பந்து, ஒரு பம்ப், பதினொரு ஜேர்சி வாங்கியதாக எங்கள் பதிவேட்டில் ஒரு வரி இருந்தது, சாம்பல் நிறமாகத் தெரிகிற அந்த ஜேர்சி பச்சை என்பதை அந்த வரியிலிருந்துதான் அறிந்தோம். பரிசளிப்பு விழாவில் வாசித்த அதிபர் அறிக்கை, கல்லூரிச் சஞ்சிகை இரண்டும் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

பல பள்ளிக்கூடங்களில் இவை இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. 1960, 61 இல் மிஷன் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்தபோது காகிதங்கள் கைமாறின. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரைகள் போய், அலுமாரிகள் மழையில் நனைந்தன. அதன் பிறகு யுத்தம், 1990 இடம்பெயர்வு, கரையோரத்தில் 2004 சுனாமி. இவ்வளவையும் தாண்டி ஒரு புத்தகம் கிடக்கிறதென்றால் அதை யாரோ ஒரு கிளார்க்கோ ஆசிரியரோ கவனமாகத் தூக்கி வைத்திருக்கிறார் என்று அர்த்தம், அந்த ஆளைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்று பழைய இடாப்புகளை எரித்ததாகச் சொன்னார்கள், அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பழைய மாணவர் சங்கத்தின் கடிதம் ஒன்றோடு போனால் அதிபர்மார் உதவுவார்கள். புத்தகத்தை வெளியே கொண்டுபோகக் கேட்காதீர்கள், அங்கேயே இருந்து போனில் படம் பிடியுங்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்றும் இல்லையென்றால் ஆட்டக்காரர்களின் வீட்டு இரும்புப் பெட்டியைப் பாருங்கள். விடுகைப் பத்திரத்திலும் நற்சான்றுப் பத்திரத்திலும் ‘உதைபந்தாட்ட அணியில் இடம்பெற்றார்’ என்று ஒரு வரி அதிபர் எழுதியிருப்பார், வேலைக்கு உதவும் என்று அதை எல்லோரும் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

பேப்பருக்குக் கொழும்பு போகத்தான் வேண்டும். தேசிய சுவடிகள் திணைக்களம் கொழும்பு 7 இல் பிலிப் குணவர்தன மாவத்தையில் இருக்கிறது. வாசகர் அனுமதி எடுத்துவிட்டு, 1930 இல் தொடங்கிய வீரகேசரியையும் 1932 இல் தொடங்கிய தினகரனையும் உங்களுக்கு வேண்டிய மாதங்களுக்குக் கேளுங்கள். போகமுதல் ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தில் (noolaham.org) ஒரு தடவை தேடுங்கள், நிறையச் சஞ்சிகைகளும் பாடசாலை மலர்களும் அங்கே ஸ்கேன் செய்யப்பட்டிருக்கின்றன, வீட்டிலிருந்தே பாதி வேலை முடியலாம். பேப்பர் பார்க்கும்போது மூன்று விஷயம் ஞாபகம் வையுங்கள். மட்டக்களப்பு நிருபர் எழுதிய செய்தி அடுத்த நாள் வராது, நான் பார்த்த செய்திகள் ஆட்டம் முடிந்து ஒரு கிழமை பத்து நாள் கழித்துத்தான் வந்திருந்தன, ஆகவே பேப்பரின் திகதியை ஆட்டத்தின் திகதியாக எழுதிவிடாதீர்கள். உதைபந்தாட்டம், கால்பந்து, வெறும் பந்தாட்டம் என்று மூன்று விதமாகவும் எழுதுவார்கள். அப்புறம் மாவட்டம். அம்பாறை மாவட்டம் 1961 ஏப்ரலில்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது, அதற்கு முந்திய வருடமென்றால் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுச் செய்தியெல்லாம் மட்டக்களப்பு என்ற தலைப்பின் கீழேதான் கிடக்கும். இன்னும் பழைய, வெள்ளைக்காரர் காலத்து மெதடிஸ்த பள்ளிக்கூடத்தை எழுதுகிறவர்கள் லண்டனில் உறவினர் யாரும் இருந்தால் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோவாஸ் (SOAS) நூலகத்தில் தேடச் சொல்லுங்கள், மிஷன் ஆவணங்கள் அங்கே இருக்கின்றன.

இனி ஆட்கள். வேலையின் உயிரே இதுதான். போனவுடன் ‘அந்த வருஷம் என்ன நடந்தது, சொல்லுங்க’ என்று கேட்டால் ‘நல்ல டீம் தம்பி, அந்தக் காலம் போயிட்டு’ என்பதோடு கதை நின்றுவிடும். ஒரு வெள்ளைத் தாளில் பதினொரு வட்டம் போட்டுக்கொண்டு போங்கள். கீழே கோல் கீப்பர், அவருக்கு முன்னால் இரண்டு பெக், அடுத்து மூன்று ஹாஃப், மேலே ஐந்து ஃபோர்வேர்ட். அந்தக் காலத்து ஆட்கள் அணியை அப்படித்தான் மனதில் வைத்திருக்கிறார்கள், இப்போதைய நாலு நாலு இரண்டு அவர்களுக்குப் பேசாது. ‘ரைட் அவுட் ஆர்? அவருக்கு உள்ளுக்க ரைட் இன் ஆர்?’ என்று கேட்டால் கை தானாக வட்டத்தில் வந்து நிற்கும். பெரியப்பா ஒன்பது பெயரை இப்படிப் பத்து நிமிடத்தில் நிரப்பினார், அதற்கு முன் ஒரு மாதமாகக் கேட்டு நாலு பெயர்தான் சொல்லியிருந்தார். லெஃப்ட் ஹாஃப் வட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு கனநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். நானும் பேசவில்லை. அந்த மாதிரி நேரத்தில் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள்.

படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுபோங்கள். போனில் குரலைப் பதிவு செய்யுங்கள், செய்யமுன் கேளுங்கள். ஒவ்வொருவரையும் முதலில் தனியாகச் சந்தியுங்கள், பிறகுதான் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து இருத்தவேண்டும், சேர்ந்தே தொடங்கினால் சத்தமாகப் பேசுகிறவரின் கதையை மற்றவர்கள் தலையாட்டி ஏற்றுக்கொள்வார்கள். பதினொரு பேரோடு நின்றுவிடாதீர்கள். ரிசேவ் ஆக இருந்தவர் வெளியே இருந்து பார்த்தபடியால் ஆட்டத்தை நன்றாகச் சொல்வார். ஜேர்சி தோய்த்துப் போட்ட அக்காமார், போட்டிக்குப் போக வீட்டில் பொய் சொல்லித் தப்பவைத்த தம்பிமார், மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவர், எல்லோரிடமும் ஏதாவது ஒன்று இருக்கும். எதிரணியிடமும் கட்டாயம் போங்கள். தோற்ற ஆட்டத்தை நம் ஆட்கள் சுருக்கமாகத்தான் சொல்வார்கள்.

திகதி கேட்காதீர்கள். ஆண்டும் மாதமும் யாருக்கும் நினைவிருக்காது, ஆனால் சுற்றி நடந்தது இருக்கும். சூறாவளிக்கு முன்னா பின்னா, மாரி தொடங்கிவிட்டதா, சோதனை எடுத்த வருஷமா, அணி அரசாங்கத்தின் சீ.ரீ.பி. பஸ்ஸில் போனதா அதற்கு முந்திய கம்பனி பஸ்ஸிலா என்று கேளுங்கள். பஸ்கள் அரசுடைமையானது 1958 ஜனவரியில், ஆகவே அந்த ஒரு பதிலே பத்து வருடத்தைத் தள்ளிவிடும். சாதாரண தரத்துக்குப் பதிலாகக் கொஞ்சக் காலம் இருந்த என்.சி.ஜி.ஈ. சோதனை எடுத்தேன் என்று ஒருவர் சொன்னால் அவர் 1975 க்கும் 77 க்கும் இடையில் பள்ளிக்கூடத்தில் இருந்தவர். கிண்ணத்திலோ சான்றிதழிலோ சிலோன் என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் பெரும்பாலும் அது 1972 மே மாதத்துக்கு முந்தியது. நான் ஏறக்குறையக் கோட்டைவிட்ட ஒன்று கிழமை நாள். ஒரு ஆட்டம் லீவு நாளில் நடந்தது என்று மூன்று பேர் சொன்னார்கள், திகதியைக் கலண்டரில் பார்த்தால் நடுக்கிழமையாக வந்தது, மூவரும் பிழை என்று வெட்டிவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, 1966 இலிருந்து 1971 வரை நம் நாட்டில் சனி ஞாயிறு வார விடுமுறை இல்லை, பிறையின் நாலு கட்டத்துக்கும் வருகிற போயா நாளும் அதற்கு முந்திய நாளும்தான் விடுமுறை. அவர்கள் சொன்னதுதான் சரி. வெட்டியதைத் திரும்ப எழுதும்போது மனதுக்குள் மூவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அதேபோல அந்தக் காலத்து விதிகளைத் தெரிந்துகொண்டு போனால் நினைவில் பின்னால் வந்து ஒட்டியது எது என்று பிடிக்கலாம். ‘றெஃபறி சிவப்பு அட்டை காட்டினார்’ என்று ஒருவர் 1968 பற்றிச் சொன்னால், வெளியேற்றியது உண்மையாக இருக்கலாம், அட்டை உண்மையில்லை, அட்டை முதன்முதல் பாவித்தது 1970 உலகக் கிண்ணத்தில். பெனால்டி அடித்து முடிவெடுக்கும் முறையும் 1970 இல்தான் விதிக்குள் வந்தது. அதற்கு முன் சமநிலை என்றால் இன்னொரு நாள் திரும்ப ஆடுவார்கள், அல்லது நாணயம் சுண்டுவார்கள், அல்லது கிண்ணத்தை ஆளுக்கு ஆறு மாதம் வைத்திருப்பார்கள். கோல் கீப்பர் தன் பெக்கிடமிருந்து காலால் வந்த பந்தைக் கையால் எடுப்பது 1992 வரை குற்றமே இல்லை.

புள்ளி அட்டவணையைத் திரும்பக் கணக்குப் போடுகிறவர்கள் இதில் கவனமாக இருங்கள். அப்போது வெற்றிக்கு இரண்டு புள்ளிதான், மூன்று புள்ளி முறை இங்கிலாந்திலேயே 1981 இல்தான் தொடங்கியது, உலகக் கிண்ணத்துக்கு 1994 இல் வந்தது. புள்ளி சமமானால் இன்றுபோல போட்ட கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழிப்பதில்லை, வகுப்பார்கள். ஒரு அணி 12 போட்டு 4 வாங்கியிருக்கிறது, இன்னொன்று 9 போட்டு 2 வாங்கியிருக்கிறது என்று வைப்போம். கழித்தால் முதல் அணிக்கு 8, மற்றதற்கு 7, முதல் அணி மேலே. வகுத்தால் முதல் அணிக்கு 3, மற்றதற்கு 4.5, இரண்டாவது அணி மேலே. ‘எங்களை அநியாயமாக வெளியே போட்டார்கள்’ என்று ஐம்பது வருடமாக ஒரு ஊர் சொல்லிக்கொண்டிருந்தால், யாரையும் குறை சொல்லமுன் ஒருமுறை வகுத்துப் பாருங்கள்.

எங்கள் அரையிறுதியின் கதையைச் சொல்கிறேன், முரண்பட்ட நினைவுகளை எப்படிக் கையாள்வது என்று அதில் நான் படித்தேன். பெரியப்பா சொன்னது இரண்டுக்கு ஒன்று, எங்களுக்கு வெற்றி, சரியான மழை, ‘பந்து நனைஞ்சு இரும்புக்குண்டு மாதிரி, தலையால அடிச்சவன் ரெண்டு நாள் தலையிடியோட திரிஞ்சான்.’ அந்தப் பந்து தோலில் தைத்து, உள்ளே பிளாடர் வைத்து, வாயை லேஸால் கட்டியது, தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், லேஸ் இருந்த பக்கம் நெற்றியில் பட்டால் கிழித்துவிடும். எதிரணியின் ரைட் பெக்கைத் தேடி கல்முனைப் பக்கம் போனேன். ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊரில் எல்லோருக்கும் மாஸ்டர். பிளேன்டீ தந்துவிட்டு மிகத் தெளிவாகச் சொன்னார்: ‘ஒண்டுக்கு ஒண்டு தம்பி. நல்ல வெயில். உங்கட லெஃப்ட் அவுட்டை நான் கோல் போட விடல்ல.’ லெஃப்ட் அவுட் என் பெரியப்பாதான். இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. ஐந்து மாதம் வலது பக்கத்தில் இரண்டும் அப்படியே கிடந்தன. பிறகு கொழும்பில் ஒரு பழைய பேப்பரில் ஆறு வரிச் செய்தி கிடைத்தது: சமநிலையில் முடிந்த அரையிறுதி மீண்டும் ஆடப்பட்டு, இரண்டுக்கு ஒன்று. இரண்டு ஆட்டம்! மாஸ்டர் முதலாவதை வைத்திருந்தார், பெரியப்பா இரண்டாவதை வைத்திருந்தார். ஆகவே இரண்டு பேர் வேறு வேறு முடிவு சொன்னால் யார் பிழை என்று முடிவெடுக்கமுன் ஆட்டம் ஒன்றுதானா என்று பாருங்கள். அந்த ஆறு வரியைப் போட்டோ எடுத்து மாஸ்டருக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அன்றைக்கு அவரே என்னோடு பஸ் ஏறி வந்து பெரியப்பாவைப் பார்த்தார், இரண்டு பேரும் விறாந்தையில் இருந்து இருட்டும்வரை கதைத்தார்கள். நான் ரெக்கோடரை நிறுத்திவிட்டேன்.

இடப்பெயரிலும் கவனம் வேண்டும். மைதானங்களின் பெயர் மாறும், நினைவு புதுப்பெயரைப் பழைய ஆட்டத்துக்குப் போட்டுவிடும். இப்போது வெபர் மைதானம் என்கிறோம், அமெரிக்காவிலிருந்து வந்து மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்த இயேசு சபைக் குரு வெபர் அடிகளாரின் பெயர் அது. அந்தப் பெயர் வைக்கமுன் நடந்த ஆட்டத்தை எழுதும்போது அன்றைய பெயரைக் கேட்டு எழுதுங்கள், பக்கத்தில் இன்றைய பெயரைப் போடலாம்.

ஒரு பாரமான விஷயம். பதினைந்து பேரில் எல்லோரும் இருக்கமாட்டார்கள். சிலர் முதுமையில் போயிருப்பார்கள், சிலர் யுத்தத்தில், சிலரைப் பற்றி வீட்டுக்காரருக்கே இன்றுவரை பதில் இல்லை. அந்த வீடுகளுக்குப் போகும்போது கொப்பியைத் திறந்துகொண்டு போகாதீர்கள். தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, படத்தின் ஒரு பிரதியை அவர்களுக்கென்று எடுத்துக்கொண்டு போங்கள். விளையாட்டைப் பற்றி மட்டும் கேளுங்கள், மற்றது அவர்கள் சொன்னால் கேளுங்கள். என்ன நடந்தது என்பதை எழுதலாமா கூடாதா என்பதை வீட்டுக்காரர்தான் சொல்லவேண்டும். லெஃப்ட் ஹாஃபின் தங்கச்சி, ‘அண்ணன் போட்ட கோலை மட்டும் எழுதுங்க’ என்றா. அவர் அந்த வருடம் கோல் போடவில்லை. ஆனால் ஒரு ஆட்டத்தில் கோட்டில் நின்று பந்தைக் காலால் தடுத்ததை மூன்று பேர் சொல்லியிருந்தார்கள், அதை முழுதாக எழுதி அவவுக்கு வாசித்துக் காட்டினேன்.

எழுதும்போது பெருப்பிக்காதீர்கள். ‘வரலாறு காணாத வெற்றி’ என்றெல்லாம் போட்டால் உள்ளே இருக்கிற உண்மையான ஆட்டம் தெரியாமல் போகும். ஆட்டத்துக்கு ஒரு பந்தி போதும், அரையிறுதி போல ஒன்று கிடைத்தால் நாலு பக்கம் எழுதுங்கள், இரண்டு வரிதான் தெரியுமென்றால் இரண்டு வரி. தோல்விகளையும் அதே அளவு கவனத்தோடு எழுதுங்கள். இறுதியாட்டத்தில் நாங்கள் மூன்றுக்கு பூச்சியம் என்று தோற்றோம், அதையும் விடாமல் போட்டிருக்கிறேன். அச்சுக்குப் போகமுன் உயிரோடு இருக்கிற ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் வரும் இடத்தை வாசித்துக் காட்டுங்கள், பெயரின் எழுத்துப்பிழை அப்போதுதான் பிடிபடும்.

பெரிய செலவு வேண்டாம். நாற்பது பக்கம், போட்டோக் கொப்பி, கம்பி அடித்தது, ஐம்பது பிரதி. ஒன்று பள்ளிக்கூட நூலகத்துக்கு, ஒன்று மட்டக்களப்புப் பொது நூலகத்துக்கு, ஒன்று எதிரணிப் பள்ளிக்கூடத்துக்கு, மற்றது ஆட்டக்காரர்களின் வீடுகளுக்கு. ஸ்கேன் செய்ததை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள், ஒலிப்பதிவுகளையும் இரண்டு இடத்தில் வையுங்கள். கடைசி இரண்டு பக்கத்தை வெறுமையாக விட்டு, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள் என்று எழுதுங்கள்.

எங்கள் புத்தகம் போய் ஏழு கிழமையில் கனடாவிலிருந்து ஒரு பெண் வட்ஸ்அப்பில் பேசினா. படத்தில் இல்லாதவர் தன்னுடைய அப்பா என்றா, படம் எடுத்த அன்றைக்கு வயலில் சூடடிப்பு, வீட்டில் விடவில்லையாம். இரண்டாவது தடவை அடித்த பிரதிகளில் அந்தப் பெயர் இருக்கிறது. பெரியப்பா தன் வீட்டுப் படத்தின் சட்டத்திலும் ஒரு சின்னத் தாளில் அதை எழுதி ஒட்டியிருக்கிறார்.